மதினி வந்தால் ஓடும் குமிழி

வீடு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற ஆம்பிளை அதை அடிக்கடி மறந்துபோகிற ஆள். எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிக்கிற மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். கோபம் வந்தால் அதே பெட்டியோடு தன் உம்மா வீட்டுக்குப் போவார். பசித்ததும் திரும்பி வருவார். என் மனுசனும் அப்படித்தான் வந்தார். கையில் ஓர் உடுப்புப் பெட்டி, கக்கத்தில் ஒரு குடை, தோளில் வாய்க்காலுக்கு மட்டம் பார்க்கிற கருவி. அந்தக் கருவியைக் கண்ட அன்றைக்கே நான் உசாராகியிருக்க வேண்டும். வயசு பத்தாது, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

வயல் வாய்க்கால்களுக்கு மட்டம் பார்ப்பது அவருடைய அரசாங்க உத்தியோகம். என் மூத்த சகோதரியை நான் ராத்தா என்பேன். அவள் அவரைத் "தண்ணிக்கு ஓடப் படிப்பிக்கிற மாஸ்டர்" என்று பகிடி பண்ணுவாள். அவருக்குக் கேட்காமல்தான். நேரில் அவர்கள் இருவருக்கும் இடையில் அப்படி ஒரு மரியாதை. ராத்தாவின் வீடும் என் வீடும் ஒரே வளவில்தான். நடுவில் ஒரு வேலி, வேலியில் போக வர ஒரு கடப்பு. கடப்பால் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் என் மனுசன் வாயில் இருக்கிற ரொட்டியோடு எழும்பிவிடுவார். மனைவியின் மூத்த சகோதரிக்கு முன்னால் குந்தியிருக்கக் கூடாது என்று அவருடைய உம்மா வளர்த்த வளர்ப்பு. ஒரு மூலையில் ஒதுங்கித் தலையைக் குனிந்து "வாங்க மதினி" என்பார். அவள் "ஓம் மச்சான்" என்பாள். பிறகு என்னோடு கதைக்கத் தொடங்குவாள், அது லேசில் முடியாது. உம்மா மௌத்தாகிக் கண் மூடிய பிறகு எனக்குத் தலை பின்னி, சோறு வாயில் தீத்தி, பள்ளிக்கூடம் அனுப்பி, என்னைக் கலியாணம் முடித்துக் கொடுத்தவள் அவள். அவள் திட்டாமல் போன நாள் எனக்கு நாளாகவே தெரியாது.

என் மனுசன் ஓய்வுபெற்றார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோதனைக் காலம். ஹோல் கதிரையில் குந்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பகல் முழுக்க ஒரு சொல் கதைக்க மாட்டார். "என்ன யோசன?" என்று கேட்டால் "ஒண்டுமில்ல." "வருத்தமா?" "இல்ல." பேப்பரில் மரண அறிவித்தலை மட்டும் வாசிப்பார். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி, "என்ட றப்பே, இந்த மனுசனுக்கு ஒரு வேலயக் குடு" என்று அழுதேன். துஆ கேட்கிறபோது விபரமாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது ஆரும் சொல்லித்தரவில்லை.

ஒரு நாள் அக்கரைப்பற்றுப் பக்கம் கூட்டாளி ஒருவரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது லொறியின் முன்சீட்டில் இருந்தார். லொறியின் பின்னால் கப்பலில் இருந்து கழன்று விழுந்த துண்டு மாதிரி பச்சை நிறத்தில் ஒரு பெரிய இரும்பு. "என்ன இது?" என்றேன். "லேத் மெசின்" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் என் மகள் பிறந்த அன்றைக்குத்தான் கடைசியாகப் பார்த்தேன். படகு எஞ்சின் திருத்துகிற பட்டறை ஒன்றை மூடினார்களாம். இங்கிலாந்தில் செய்த மெசினாம். எங்கள் இருவரையும்விட வயசு கூடியதாம். "இரும்பைப் பிடிச்சு சுத்த விட்டு, உளியால சீவுற. உலகத்தில உருண்டையா என்னென்ன சாமான் இரிக்கோ, எல்லாம் இதால செய்யலாம்" என்றார்.

"தேங்கா செய்யலாமா?" என்று கேட்டேன்.

கடற்கரையில் தோணி இழுக்கிற ஆட்களைக் கூட்டிவந்தார். அவர்கள் கயிறு கட்டி, அலவாங்கு போட்டு நெம்பி, இரும்புக் குழாய்களின் மேல் உருட்டி, தோணிக்குப் போடுகிற அதே சத்தம் போட்டு இழுத்தார்கள். முன் அறை வாசல் போதவில்லை. கதவு நிலையைக் கழற்றினார்கள். முதிரை மரத்தில் என் வாப்பா பார்த்துப் பார்த்துச் செய்வித்த நிலை. நான் போட்ட சத்தத்தில் இழுத்த ஆட்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். "தாத்தா, நீங்க கொஞ்சம் வாய மூடினா நாங்க இழுத்து முடிச்சிருவம்" என்றான் ஒருவன். எங்கள் பக்கம் அக்காவைத்தான் தாத்தா என்பது. என் வீட்டில், என் நிலைக்குப் பக்கத்தில் நின்று! மூடினேன். வேறு என்ன செய்வது, பாதி மெசின் வாசலில் நிற்கிறது.

மறுநாள் விடிந்தால் வாசலில் பெண்கள். கையில் பேசின், பேசினில் ஊறப்போட்ட அரிசி. "மா அரைக்கிற மெசின் வந்திரிக்காமே தாத்தா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் வாயைத் திறக்க முன்னம் என் மனுசன் ஓடிவந்து, இது அரிசி அரைக்கிற மெசின் இல்லை, தலைமயிரைப் பத்தாய்ப் பிளந்த அளவுக்குச் சரியாக இரும்பு சீவுகிற மெசின் என்று நின்று விளங்கப்படுத்தினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். "அப்ப மிளகாய்த்தூள்?" என்றாள் இன்னொருத்தி. அன்றைக்கு அவர் கோபத்தில் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. பத்து மணிக்குச் சாப்பிட்டார்.

பிறகு துப்புரவாக்கும் படலம். மெசினைக் கழற்றினார் கழற்றினார், கழற்றிக்கொண்டே இருந்தார். அதற்குத் தலை உண்டு, வால் உண்டு, படுக்கை உண்டு. தலைப் பக்கம் இரும்பைப் பிடித்துச் சுற்றும். வால் பக்கம் மறுமுனையைத் தாங்கும். நடுவில் நீளமாகக் கிடப்பது படுக்கை. அதன் மேல்தான் உளி போய் வரும். என் பெரிய தாச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றி, பல்லுச் சக்கரங்களை அதில் ஊறப்போட்டிருந்தார். பெருநாளைக்கு இறைச்சி சமைக்கிற தாச்சி! "கழுவித் தாறன்" என்றார். கழுவியும் தந்தார். அந்த மாதம் எங்கள் வீட்டில் எதைச் சமைத்தாலும் எஞ்சின் வாசம் வந்தது. கடல் காத்துக்குத் துருவேறிக் கறள் பிடிக்கும் என்று விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து அதற்கு எண்ணெய் தடவுவார். தடவிக்கொண்டே அதோடு கதைப்பார். எனக்கு முழங்கால் நோவு என்று எண்ணெய் தடவச் சொன்னால் "மகளக் கூப்பிடு" என்கிற மனுசன்!

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கதைத்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது. சாப்பிடுகிறபோது கதைத்தார், சந்தைக்குப் போகிறபோது கதைத்தார், பாட்டுக்கூடப் பாடினார். மரண அறிவித்தல் வாசிப்பதை விட்டார். அதற்குப் பதிலாக மைக்ரோமீட்டர் என்று ஒரு சாமானை உடுப்புப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கொடுக்கு மாதிரி வாய் உள்ள அந்தச் சாமானால் எதையும் மெல்லிசாக அளக்கலாமாம். நான் சுட்ட ரொட்டியை அளந்தார். "இந்தப் பக்கம் தடிப்பு, அந்தப் பக்கம் மெலிசு" என்றார். "வயிறு கேக்குதா, தடிப்பா மெலிசா எண்டு? தின்னுங்க" என்றேன். தின்றார். மறுநாள் வேறு ரொட்டியை அளந்தார்.

இனித்தான் குமிழி வருகிறது.

லேத் மெசினின் படுக்கை மட்டமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சரிந்து முறுகினாலும் சீவுகிற இரும்பு ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்துபோகும். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். சோறு போடுகிறபோதெல்லாம் கேட்டால் ஆருக்கும் தெரியும். மேசன்மார் வைத்திருக்கிற லெவல் இருக்கிறதே, கோடு போட்ட கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுகிறது, அதே மாதிரிதான் இதற்கும் ஒன்று. ஆனால் இது பொல்லாத லெவல். மெசினுக்குக் கீழ் ஒரு கடதாசித் துண்டைச் செருகினாலும் குமிழி பாய்ந்துவிடும். எங்கள் வீடு சுனாமியில் கடல் வந்துபோன பிறகு, மிஞ்சிய பழைய நிலைகளை வைத்துக் கடற்கரை மணலில் திரும்பக் கட்டிய வீடு. மணலுக்கு மேல் ஒரு கொங்கிரீட் தளம், அதற்கு மேல் நாங்கள், இப்போது எங்களோடு இந்த இரும்பு யானை. போல்ட் நட்டை இறுக்குவார், குமிழி நடுவுக்கு வரும். தேத்தண்ணி குடித்துவிட்டுப் பார்ப்பார், ஓடியிருக்கும். 

மெசினின் வால் பக்கம் ஒரு சின்ன முக்காலியைப் போட்டு, அதில் குந்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குமிழியைப் பார்த்தபடியே இருப்பார். எது வந்தால் ஓடுகிறது என்று ஆராய்ச்சி. பெரிய ரோட்டில் நெல் லொறி போனால் ஆடுகிறது என்றார். கடல் கொந்தளித்தால் ஆடுகிறது என்றார். நான் காஸ் சிலிண்டரை உருட்டினால் ஆடுகிறதா என்று பார்க்க, என்னை அங்காலும் இங்காலும் உருட்ட வைத்தார். ஆடவில்லை. என் இடுப்புத்தான் ஆடிப்போனது.

அப்புறம் ஒரு நாள் பெரிய கண்டுபிடிப்புச் செய்தவராக, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தார். குரலைத் தணித்து, "இஞ்ச பாரு, ஒரு விசயம் கண்டுபிடிச்சிட்டன். மதினி வந்தாத்தான் குமிழி ஓடுது" என்றார்.

"ஆரு?"

"மதினி. ராத்தா. அவ வந்தா ஓடுது, போனா திரும்பி வருது. நேத்தும் ஓடின, இண்டைக்கும் ஓடின. ஒரு நாளும் பிழைக்கல்ல."

என் ராத்தா கொஞ்சம் சதைப்பிடிப்பான உடம்புக்காரி. கொஞ்சம் என்று நான் சொல்வது பயத்தில். அவள் வந்தால் ஹோலில், முன் அறை வாசலுக்கு நேராகக் கிடக்கிற பிரம்புக் கதிரையில்தான் குந்துவாள். "உங்களுக்கு உயிர் மேல ஆச இரிந்தா இத வெளிய சொல்லிராதீங்க" என்று நான் கரண்டியை நீட்டிச் சத்தியம் வாங்கினேன். சத்தியம் செய்தார். ஆனால் சரியான அளவைக் கண்டுபிடித்த மனுசனுக்கு வாய் நிற்குமா?

மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த நேரம் அது. பெருநாள் கழித்து, எங்கள் வீட்டிலேயே கலியாணம். சாப்பாட்டைப் பற்றிக் கதைக்க ராத்தா வந்திருந்தாள். மச்சிமார் என்று நாங்கள் கூப்பிடுகிற சொந்தக்காரப் பெண்களும் வந்திருந்தார்கள். தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். முன் அறை மூலையில் இருந்து ஒரு இருமல்.

"மதினி, ஒரு சின்ன விசயம். குறையா நினைக்கப்படாது."

"சொல்லுங்க மச்சான்."

"நீங்க குந்துற கதிரயக் கொஞ்சம் அங்கால, குசினிப் பக்கமாப் போட்டா நல்லம்."

"ஏன், காத்து வராதா?"

"காத்துக்கில்ல மதினி. நீங்க வந்தா மெசின்ட குமிழி ஓடுது. பாரத்துக்கு."

யா அல்லாஹ்! ஒரு மச்சிக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. அதைப் பார்த்து இன்னொருத்தி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். ராத்தா மெல்ல எழும்பினாள். கோப்பையை மேசையில் வைத்தாள். சத்தமே இல்லாமல் வைத்தாள். "நான் வந்தா உங்கட வீடு சரியிதா மச்சான்? சரி. இனி இந்த வாசல் மிதிச்சா என்ட பேர மாத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கடப்பால் போனாள். பின்னேரம் பார்த்தால் கடப்பில் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்துக் கட்டியிருந்தது.

சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அகப்பட்டது நான். ராத்தா வீட்டில் இருந்து சோற்றுக்கு வருகிற மீன் ஆணம் நின்றது, திட்டு நின்றது. வேலிக்கு அங்கால் அவள் கோழியைத் துரத்துகிற சத்தம் கேட்கும். அந்தக் கோழிக்குக் கிடைத்த ஏச்சுக்கூட எனக்குக் கிடைக்கவில்லை. "ராத்தா" என்று கூப்பிட்டால் கோழியை இன்னும் பலமாகத் துரத்துவாள். மகளோ, "பெரியம்மா வராட்டி எனக்குக் கலியாணம் வேணாம். மாப்பிள்ளைக்குச் சொல்லிருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உம்மா இல்லாத எனக்கு உம்மாவாக நின்றவள் இல்லாமல் என் பிள்ளைக்கு நான் எப்படிக் கலியாணம் செய்வது?

"போய் மாப்புக் கேளுங்க" என்று அந்த மனுசனை வேலியடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பாவம், கேட்கத்தான் கேட்டார். கிடுகுக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்று, "மதினி, நான் சொன்னது பிழை. மாப்புத் தாங்க" என்றார்.

அங்கால் இருந்து குரல் வந்தது. "அப்ப குமிழி ஓடல்லயா?"

நான் மனுசனைப் பின்னால் இருந்து கிள்ளினேன். "ஓடல்ல எண்டு சொல்லுங்க!"

"ஓடினதுதான் மதினி," என்றார். "ஆனா கொஞ்சம். ஒரு கோட்டுக்கும் உள்ளதான்."

அங்கால் ஒரு வாளி பறந்த சத்தம் கேட்டது.

வீட்டுக்குள் இழுத்துவந்து பிடித்த பிடியை நான் இங்கே எழுத ஏலாது. கொஞ்சம் மட்டும் எழுதுகிறேன். "மெசின் பொய் சொல்லாது" என்றார் அவர். "நீங்க சொல்லலாம்தானே!" என்றேன். குடும்பத்தைச் சேர்த்துவைக்கச் சொல்கிற பொய்யில் குற்றமில்லை என்று ஓதிப்படித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "வேற எதிலயும் சொல்லுவன். அளவில பொய் சொல்லேலா" என்றார். "அப்ப மெசினா, நானா? ஒண்டச் சொல்லுங்க" என்று கேட்டேன். அந்த மனுசன் யோசித்தார். யோசித்தாரே! கொஞ்ச நேரத்துக்குப் பிறகு "நீதான்" என்றார். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கபுறுக் குழிக்குக் கொண்டுபோவேன்.

பிறகு மகள் ஒரு நாள் கிடுகை விலக்கிக்கொண்டு போய்ப் பெரியம்மாவின் மடியில் விழுந்து அழுதிருக்கிறாள். செய்தியோடு திரும்பி வந்தாள். பெரியம்மா வந்து அந்தப் பிரம்புக் கதிரையில் குந்துவாளாம். அன்றைக்குச் சிரித்த எல்லோரும் வந்து நின்று பார்க்க வேண்டுமாம். குமிழி ஓடினால் அவள் ஊரறியப் பாரமான பொம்பிளை, கலியாணத்துக்கு வரமாட்டாள். ஓடாவிட்டால் மெசின் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும்.

"சரி" என்றார் என் மனுசன். ஒரே சொல்.

குமிழி ஓடினால் ராத்தா இல்லை. அது ஒரு மௌத்து. ஓடாவிட்டால் மெசின் போகும். போகட்டும் சனியன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை. திரும்பவும் அந்தக் கதிரை, அந்த ரோட்டுப் பார்வை, அந்த "ஒண்டுமில்ல". என் கதவு நிலையைக் கழற்றிய இரும்புக்காக நான் கண்கலங்குவேன் என்று ஆராவது முன்னம் சொல்லியிருந்தால் அந்த ஆளுக்கு விளக்குமாறுதான் விழுந்திருக்கும்.

சொன்ன நாளில், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் வந்தார்கள். மூக்கால் தேத்தண்ணி விட்ட மச்சி முதல் ஆளாக வந்து முன்னால் நின்றாள். மகள்தான் நடுவர். லெவலுக்கு மேல் குனிந்து, "இப்ப குமிழி சரி நடுவில நிக்கி. ஆரும் அசையப்படாது" என்றாள். என் மனுசன் வால் பக்க முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். தொடமாட்டேன், கிட்டப் போகமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். பிரம்புக் கதிரை அதே இடத்தில் காத்துக்கொண்டு கிடந்தது.

ராத்தா கடப்பால் வரவில்லை. ரோட்டைச் சுற்றி, முன் வாசலால், வழக்குக்கு வருகிற மாதிரி வந்தாள். பெருநாள் சாரி, நல்ல முக்காடு. வாசல்படியில் நின்று ஸலாம் சொன்னாள். என் மனுசன் முக்காலியை விட்டு எழும்பி, மெசினுக்கும் சுவருக்கும் இடையால் புகுந்து, தலைப் பக்க மூலையில் போய் ஒதுங்கி நின்று, "வாங்க மதினி" என்றார்.

"ஓடிட்டு!" என்று மகள் கத்தினாள்.

எல்லோரும் "ச்சே" என்றார்கள்.

"என்னகா ஓடிட்டு?" என்றாள் ராத்தா. "நான் இன்னம் வாசப்படியிலதானே நிக்கன்!"

மகள் குமிழியைப் பார்த்தாள். வாசலில் நிற்கிற பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி மூலையில் நிற்கிற வாப்பாவைப் பார்த்தாள். "வாப்பா, போய் முக்காலியில குந்துங்க" என்றாள். போய்க் குந்தினார். "வந்திட்டு, நடுவுக்கு வந்திட்டு. இப்ப எழும்பி மறுகா அங்க போங்க." போனார். "ஓடிட்டு! குந்துங்க!" குந்தினார். "எழும்புங்க!" எழும்பினார். மச்சிமார் எல்லாம் மகளோடு சேர்ந்து "குந்துங்க, எழும்புங்க" என்று பாடத் தொடங்கிவிட்டார்கள். அந்த மனுசன் ஓய்வுபெற்ற பிறகு கதிரையில் குந்திக் குந்தி வளர்த்த வயிறு, மூலைக்கு ஒரு தரம் போய் வந்தால் வீட்டையே சரிக்கிறது! நான் தரையில் குந்திச் சிரித்தேன். சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டது.

ராத்தா சிரிக்கவில்லை. நேராக வந்து பிரம்புக் கதிரையில் பொத்தென்று குந்தினாள். "ஓடினதா?" "இல்ல பெரியம்மா." எழும்பி இன்னொரு தரம் குந்தினாள். கதிரைதான் சத்தம் போட்டது. "ஓடினதா?" "இல்லவே இல்ல." "அல்ஹம்துலில்லாஹ்" என்று முக்காட்டைச் சரிசெய்தாள்.

என் மனுசனோ வெட்கப்படக்கூட நேரமில்லாமல் மூலையைக் குதிக்காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்ச பாருங்க, இந்த இடத்தில கொங்கிரீட் மெலிசு! மேசன் ஏமாத்திட்டான்!" என்றார் பெரிய சந்தோசத்தோடு. பிறகுதான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் விழுந்துவிட்டது. கருவிப் பெட்டியைத் திறந்து நட்டுத் திருகுகிற பெரிய சாவி ஒன்றை எடுத்தார். மெசினின் காலடியில், முழங்காலை மெல்ல மடக்கி, ஒரு கையை ஊன்றி இறங்கினார்.

"சொன்ன சொல்லு சொல்லுதான் மதினி. குமிழி ஓடல்ல. மெசின் போகும்" என்று சொல்லி முதல் நட்டைத் திருகினார். அது கிறீச்சென்றது. சிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள்.

"மச்சான், அத வைங்க" என்றாள் ராத்தா.

அவர் திருகிக்கொண்டே இருந்தார்.

"வைங்க எண்டு சொன்னன். நான் வந்தா நீங்க ஏன் எழும்புற?"

"மரியாதைக்கு" என்றார் நிலத்தைப் பார்த்தபடி.

"ஒவ்வொரு தரமுமா?"

"ஓம்."

"தின்னக்குள்ளயுமா?"

"ஓம் மதினி."

"இந்த முழங்கால் நோவோடயுமா?"

அதற்கு நான்தான் "ஓம்" என்றேன். எனக்கு மட்டும்தான் நோவு என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கும் இருப்பது அவர் கையை ஊன்றி இறங்கிய விதத்தில்தான் எனக்கே தெரிந்தது.

"என்ட மனுசன் உயிரோட இரிந்த காலத்தில நான் வந்தா நீட்டின காலக்கூட மடக்க மாட்டார்" என்றாள் ராத்தா. "அவர்ர உம்மாக்கு எழும்புவார், ஓதித் தாற ஹஸ்ரத்துக்கு எழும்புவார். எனக்கு ஒருத்தரும் எழும்பினதில்ல. நீங்க எழும்புற எண்டு எனக்குத் தெரியவே தெரியா மச்சான். நீங்க எப்பவும் மூலையில நிக்கிற ஆள் எண்டுதான் நினைச்சன்."

அவர் சாவியைக் கீழே வைத்தார்.

"இனி என்னக் கண்டு எழும்பினா நான் வரமாட்டன். மெசின் கிடக்கட்டும். இப்ப குந்துங்க."

அவரால் ஏலவில்லை. முக்காலிக்குக் கிட்டப் போனார், பாதி குனிந்தார், அப்படியே நின்றார். இத்தனை வருசப் பழக்கம் உடம்பு விடுமா? "குந்துங்க!" என்று ராத்தா ஒரு சத்தம் போட்டாள். எனக்குச் சின்ன வயசில் போட்ட அதே சத்தம். பொத்தென்று குந்திவிட்டார். இருவரும் முதல் தரமாக ஒரே நேரத்தில் குந்தியிருந்தார்கள். ஒருவரை ஒருவர் எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னகா வாயப் பாத்துக்கொண்டு நிக்கிற?" என்றாள் ராத்தா என்னிடம். "கலியாணத்துக்கு இறைச்சி ஆருக்கிட்டச் சொன்ன?"

சொன்னேன்.

"அவனுக்கா? எலும்ப நிறுத்துத் தலையில கட்டுவானே! ஒரு கொஞ்ச நாள் நான் வரல்ல, அதுக்குள்ள வீட்டத் தலகீழாக்கிட்டியே. அரிசி? அரிசியும் ஏமாந்துதானே வாங்கியிருப்பாய். உனக்கு எப்பதான் புத்தி வரப்போகுது?"

நான் குசினிக்குள் ஓடிப்போய், தேயிலைப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாயை முக்காட்டால் பொத்திக்கொண்டு அழுதேன். ஹோலில் அவள் திட்டிக்கொண்டே இருந்தாள், நிறுத்தவேயில்லை. அழுத அழுகையில் அவளுக்குச் சீனி வருத்தம், இனிப்புத் தொடக்கூடாது என்பது மறந்துபோய், தேத்தண்ணியில் சீனியை இரண்டு தரம் அள்ளிப் போட்டிருக்கிறேன். கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் கடைசி மிடறு வரைக்கும் குடித்து முடித்தாள்.